கண்கண்ட சாட்சி

‘என் இரு கண்களாலும் கண்டேன்’ என்று ஒருவன் சொல்லிவிட்டால், அதன்பின் அவனிடம் கேட்பதற்கு எமக்கு அதிகம் இருப்பதில்லை. ஊர்ச் சண்டையாயினும் நீதிமன்ற வழக்காயினும் கண்டவனுடைய சொல்லுக்கே முதலிடம். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்ற பழமொழியைச் சிறுவயது முதல் கேட்டு வந்திருக்கின்றோம். ஆயினும் அதனை மற்றவர்களுடைய கண்களைப் பற்றிய எச்சரிக்கையாகவே நாம் கொள்கின்றோம்; எமது கண்களுக்கும் அது பொருந்தும் என்று எண்ணுவதில்லை. நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தைக் குலைத்தது நூலோ விரிவுரையோ அன்று; இத்தாலிய மர்மத் திரைப்படமொன்று.

பரீட்சை முடிந்த ஓரிரவில், விடுதி அறையில், நண்பன் ஒருவனுடைய மடிக்கணினியில் ஐந்து பேராகக் கூடியிருந்து அப்படத்தைப் பார்த்தோம். அச்சமூட்டும் படம் என்று சொல்லப்பட்டதனால் சிரிப்பதற்கும் ஒருவரையொருவர் வெருட்டுவதற்குமே ஆயத்தமாக இருந்தோம். படம் முடிந்தபின் மற்ற நால்வரும் உறங்கச் சென்றனர். எனக்கு மட்டும் உறக்கம் வரவில்லை. காரணம் அச்சமன்று என்பதை அப்பொழுதே அறிந்திருந்தேன். அது என்னவென்பதை உணரப் பல நாட்கள் சென்றன.

‘படிகச் சிறகுப் பறவை’ என்று தமிழிற் கூறத்தக்க அப்படம் 1970 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் நெறியாளர் தாரியோ ஆர்ஜெந்தோ. 1940 ஆம் ஆண்டு உரோம் நகரிற் பிறந்த அவருக்கு அதுவே முதற் படம். தந்தை சல்வத்தோரே ஆர்ஜெந்தோ திரைப்படத் தயாரிப்பாளர். தாய் எல்தா லுக்சார்தோ புகைப்படக் கலைஞர். இளமையில் ‘பயேசே சேரா’ என்னும் உரோமைப் பத்திரிகையில் திரைப்பட விமர்சனம் எழுதிய ஆர்ஜெந்தோ, பின்னர் திரைக்கதைத் துறையிற் புகுந்தார். சேர்ஜியோ லியோனே 1968 இல் நெறிப்படுத்திய புகழ்பெற்ற மேற்கத்தியப் படமொன்றின் கதையை லியோனேயுடனும் பெர்னார்தோ பெர்த்தொலுச்சியுடனும் சேர்ந்து அமைத்தவர் அவரே. எனினும் நெறியாளராக அவருக்கு முன்னனுபவம் இருக்கவில்லை. பார்ப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த விமர்சகன் ஒருவன் முதன்முதலாகக் கமராவுக்குப் பின்னால் நின்றபோது, பார்த்தல் என்னும் செயலையே தன் படத்துக்குப் பொருளாக எடுத்துக்கொண்டான் என்பது தற்செயலன்று என்றே எனக்குத் தோன்றுகின்றது.

கதைக்கு மூலம் அமெரிக்க எழுத்தாளர் பிரெட்ரிக் பிறவுண் 1949 இல் வெளியிட்ட நாவலொன்று. படத்திலே அவருடைய பெயர் குறிப்பிடப்படவில்லை. ஒளிப்பதிவாளர் வித்தோரியோ ஸ்தொராரோ. பின்னாளில் மூன்று முறை ஒஸ்கார் விருது பெற்றவர். இசை என்னியோ மொரிக்கோனே. இத்தாலியர் இவ்வகைக் கதைகளை ‘ஜால்லோ’ என்பர்; மஞ்சள் என்பது அச்சொல்லின் பொருள். மொந்ததோரி பதிப்பகம் 1929 முதல் மஞ்சள் அட்டையுடன் வெளியிட்ட துப்பறியும் நாவல்களிலிருந்து வந்த பெயர் அது. திரையிலே இவ்வகையை மாரியோ பாவா 1963 இலும் 1964 இலும் தொடங்கிவைத்தார். எனினும் அது பெருவழக்காகியது ஆர்ஜெந்தோவின் இம்முதற் படம் அடைந்த வெற்றிக்குப் பின்னரேயாகும்.

கதை எளிமையானது. சாம் டால்மாஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளன் உரோம் நகரில் தங்கியிருக்கின்றான். சில நாட்களில் நாடு திரும்ப வேண்டியவன். ஓரிரவு தெருவழியே நடந்து செல்கையில், எதிரேயுள்ள ஓவியக்கூடத்தின் பெரிய கண்ணாடிச் சுவருக்கு அப்பால் இருவர் போராடுவதைக் காண்கின்றான். ஒருவர் கறுப்பு மழைக்கோட்டு அணிந்தவர். மற்றவர் வெள்ளுடை அணிந்த பெண். பெண் கத்திக்குத்துக்கு ஆளாகிச் சரிகின்றாள். கறுப்பு உருவம் மறைகின்றது. அவளைக் காப்பாற்ற ஓடிச் செல்லும் சாம், இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கிடையே அகப்பட்டுக்கொள்கின்றான். உள்ளேயும் போக முடியாது. வெளியேயும் வர முடியாது. பெண் குருதி சிந்தியவாறு தரையில் ஊர்கின்றாள். அவளுடைய குரல் அவனுக்குக் கேட்பதில்லை. அவனால் இயல்வது ஒன்றே: பார்த்துக்கொண்டு நிற்பது.

இக்காட்சியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். ஓவியக்கூடம் முழுவதும் வெண்மை, ஒளிவெள்ளம். வெளியே இருள். நாடக மேடையை இருளிலிருந்து பார்க்கும் பார்வையாளனைப் போன்றே சாம் நிற்கின்றான். திரைக்கு முன்னே அமர்ந்திருக்கும் எமது நிலையும் அதுவே. நாமும் காண்கின்றோம், நாமும் தலையிட முடியாதவர்கள். பயங்கரத்தை வீடுகளின் இருண்ட மூலைகளில் வைத்துப் பழகிய படங்களினின்று இது வேறுபட்டது. இங்கே ஒளிக்குறைவு என்று சாட்டுச் சொல்ல இடமில்லை. எல்லாம் தெளிவாகவே தெரிகின்றது.

பெண் உயிர் தப்புகின்றாள். மோனிக்கா ரனியேரி என்னும் அவள், அவ்வோவியக்கூட உரிமையாளரின் மனைவி. நகரில் ஏற்கெனவே மூன்று பெண்கள் கொலையுண்டிருந்தமையால் பொலிஸ் அதிகாரி சாமின் கடவுச்சீட்டை எடுத்து வைத்துக்கொள்கின்றார். விசாரணையின்போது சாம் ஒரு விடயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றான்: அக்காட்சியில் ஏதோவொன்று பொருந்தவில்லை, அது என்னவென்று நினைவுக்கு வரவில்லை. அதன்பின் படம் முழுவதும் அக்காட்சி அவன் மனத்தில் மீண்டும் மீண்டும் ஓடுகின்றது. சில வேளை மெதுவாக, சில வேளை உறைந்த படமாக. எத்தனை தடவை ஓடியும் விடை கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருப்பவன் தன் தவறான கருத்தையும் தேடலோடு எடுத்துச் செல்கின்றான் என்பதே அதற்குக் காரணம்.

இடையில் ஒரு துப்புக் கிடைக்கின்றது. கொலையாளி தொலைபேசியிற் பேசியபோது பதிவான ஒலியில், பின்னணியில் விசித்திரமான ஒரு சத்தம். பறவைகளைப் பற்றி அறிந்த நண்பன் அதனை ஓர் அரிய பறவையின் குரல் என்று இனங்காண்கின்றான். உரோம் நகரில் அத்தகைய பறவை மிருகக்காட்சிச்சாலையில் மட்டுமே உண்டு. ஆகவே கொலையாளியின் இருப்பிடம் அதற்கு அண்மையில் இருத்தல் வேண்டும். படத்தின் தலைப்பு இங்கிருந்தே பிறக்கின்றது. இதில் வேடிக்கை ஒன்றுண்டு. குளிர்நாட்டுப் பறவையென்று படம் கூறும் அப்பெயர் கற்பனையானது. திரையிலே நிற்பதோ ஆபிரிக்காவுக்குரிய முடிக்கொக்கு. கண்முன்னே நிற்பதைப் பார்த்துக்கொண்டே, சொல்லப்பட்டதை நாம் நம்பிவிடுகின்றோம்.

இறுதியில் வெளிப்படும் உண்மை இதுதான். அன்றிரவு கத்தி வெள்ளுடைப் பெண்ணின் கையிலேயே இருந்தது. கறுப்பு மழைக்கோட்டு அணிந்திருந்தவர் அவளுடைய கணவர். அவர் அவளைத் தடுக்கவே போராடினார். கொலையாளி அவள். மனைவியைக் காக்க எண்ணிய கணவர், சாகும் தறுவாயில் குற்றத்தைத் தம்மீது ஏற்றுக்கொண்டமையால் வழக்கு முடிந்ததாகவே எல்லோரும் கருதினர். சாம் எதையும் காணத் தவறவில்லை. வெள்ளுடை அணிந்த பெண் பலியாகுபவள், கறுப்புடை அணிந்த ஆண் கொல்பவன் என்று அவன் மனம் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தது. கண் கொண்டுவந்து கொடுத்ததை மனம் தன் எழுத்துக்கு ஏற்பத் திருத்திக்கொண்டது. நாமும் அவ்வாறே செய்தோம். போராட்டம் எம் கண்முன்னேயே நிகழ்ந்தது. கத்தி யாருடைய கையில் என்று எவரும் நின்று பார்க்கவில்லை.

இப்படத்தைக் குறையற்றதென்று நான் கூற வரவில்லை. பெண்கள் கொல்லப்படுவதைக் கமரா தேவைக்கு மேல் விருப்போடு பார்க்கின்றது. கொலையாளியின் கண்ணோடு எம் கண்ணையும் இணைத்துவிடுகின்றது. கையுறையணிந்த கொலைக் கைகளைத் தம் படங்களில் ஆர்ஜெந்தோ தாமே ஏற்று நடிப்பது பலரும் அறிந்த செய்தி. அதனை வெறும் வேடிக்கையாகக் கொள்ள என்னால் இயலவில்லை. முடிவில் தொலைக்காட்சியிலே தோன்றும் மனநோய் மருத்துவர் தரும் விளக்கம் மிக இலகுவானது. பத்தாண்டுகளுக்கு முன் மோனிக்கா ஒரு கொடியவனால் தாக்கப்பட்டாளாம்; அச்சம்பவத்தைத் தீட்டிய ஓவியமொன்றைக் காண நேர்ந்தபோது, பலியானவளோடன்றித் தாக்கியவனோடு தன்னை ஒன்றாக்கிக்கொண்டாளாம். ஹிச்கொக்கின் 1960 ஆம் ஆண்டுப் படமொன்றின் முடிவை நினைவூட்டும் இவ்விளக்கம், வன்முறைக்கு ஆளாகி வாழ்வோர்க்கு நீதி செய்வதன்று. பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் எவரையும் கொல்வதில்லை. தம் துயரோடு அமைதியாக வாழ்கின்றனர். ஒரு முற்கோளை உடைத்த படம் இன்னொரு முற்கோளை உண்டாக்கிச் செல்கின்றது.

இத்துணைக் குறைகள் இருந்தும் அது என்னை உறங்கவிடாமைக்குக் காரணம் என் சொந்த அனுபவமொன்று. அதனை இங்கு எழுதுவதற்கு நான் பெரிதும் தயங்கினேன்.

உயர்தர வகுப்பிற் படித்த காலம். ஒரு மாலை, தனியார் வகுப்பு முடிந்து வீடு திரும்பும் வழியில், எங்களூர்ச் சந்தியிலுள்ள கடையொன்றில் நின்றேன். தெருவிலே பெரும் சத்தம் கேட்டது. வெளியே ஓடி வந்தேன். வயது முதிர்ந்த ஒருவர் தெருவில் விழுந்து கிடந்தார். அவருடைய துவிச்சக்கரவண்டியின் பின்சில்லு இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. ஒரு முச்சக்கரவண்டி தெருவுக்குக் குறுக்கே நின்றது. அதன் சாரதி இறங்கி, தலையிற் கைவைத்தபடி நின்றார். கூட்டம் கூடியது. பொலிசார் வந்து யார் கண்டது என்று கேட்டபோது நான் முன்வந்தேன். முச்சக்கரவண்டி வேகமாக வந்து முதியவரை மோதியது என்றேன். எழுதிக்கொண்டார்கள். சாரதி என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

“தம்பி, நீர் வடிவாக் கண்டனீரோ?”

“ஓம், கண்டனான்” என்றேன்.

முதியவருக்கு மணிக்கட்டில் எலும்பு முறிந்திருந்தது. சாரதி பணம் கொடுத்து விடயம் தீர்க்கப்பட்டதாகப் பின்னர் அறிந்தேன். ஏழை முதியவர் ஒருவருக்காகத் துணிந்து சாட்சி சொன்னவன் என்று வீட்டிலும் வகுப்பிலும் என்னைப் பாராட்டினர். நானும் மனநிறைவோடிருந்தேன்.

படம் பார்த்த இரவில் அந்த மாலையை நானும் மனத்தில் மீண்டும் ஓட விட்டேன். முச்சக்கரவண்டி வருகின்றது; அதன் முன்விளக்கு தெரிகின்றது; அது முதியவரின் சில்லில் மோதுகின்றது. காட்சி மிகத் தெளிவாக இருந்தது. திடீரென ஒன்று உறைத்தது. அக்காட்சியில் வண்டி என்னை நோக்கி நேராக வருகின்றது. அவ்வாறு அதனைக் காண்பதற்கு நான் நடுத்தெருவில், முதியவர் இருந்த இடத்திலேயே இருந்திருத்தல் வேண்டும். நானோ கடைக்குள், தெருவுக்கு முதுகு காட்டி நின்றேன். சத்தம் கேட்ட பின்னரே திரும்பினேன். மோதலை நான் காணவில்லை. விழுந்து கிடந்த முதியவரையும் குறுக்கே நின்ற வண்டியையும் கண்டேன். இடையில் நிகழ்ந்ததை என் மனம் தானே படம்பிடித்துச் சேர்த்துவிட்டது. நான் பொய் சொல்லவில்லை. சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அன்று முழுமையாக நம்பினேன். இப்பொழுது எண்ணிப் பார்க்கையில் அதுவே பொய்யினும் அச்சமூட்டுவதாக இருக்கின்றது. பொய்யனைக் குறுக்குக் கேள்வியால் மடக்கலாம்; நம்பிச் சொல்பவனை மடக்குவது எங்ஙனம்?

இதன்பின் நூலகத்திலே உளவியல் நூல்களைப் புரட்டியபோது, என் அனுபவம் புதுமையானதன்று என்பதை அறிந்தேன். அமெரிக்க உளவியலாளரான எலிசபெத் லொவ்ரஸ், ஜோன் பாமர் என்பாருடன் இணைந்து 1974 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. மாணவர்கள் 150 பேருக்குக் கார் விபத்தைக் காட்டும் குறும்படமொன்று காண்பிக்கப்பட்டது. கார்கள் ஒன்றையொன்று ‘மோதியபோது’ என்ன வேகத்தில் வந்தன என்று 50 பேரிடமும், ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்று வேறு 50 பேரிடமும் வினவப்பட்டது. எஞ்சிய 50 பேரிடம் வேகம்பற்றி எதுவும் கேட்கப்படவில்லை. ஒரு வாரத்தின் பின் அனைவரிடமும், உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்று கேட்டனர். படத்தில் உடைந்த கண்ணாடி இருக்கவேயில்லை. ஆயினும் ‘நொறுங்கிய’ என்ற சொல்லைக் கேட்டவர்களுள் 16 பேர் கண்டதாகக் கூறினர். ‘மோதிய’ என்ற சொல்லைக் கேட்டவர்களுள் 7 பேர். எதுவும் கேட்கப்படாதவர்களுள் 6 பேர். கேள்வியில் இருந்த ஒரு சொல் நினைவுக்குள் கண்ணாடியைத் தூவிவிட்டது. இவ்வாய்வுக்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, திரைக்கலைஞன் ஒருவன் அதே ஐயத்தைத் தன் வழியில் எழுப்பியிருந்தான்.

தனிமனித மனத்தின் விசித்திரம் என்று இதனை ஒதுக்கிவிட முடியாது. 1969 ஆம் ஆண்டு டிசம்பர் 12 ஆந் திகதி, அதாவது ஆர்ஜெந்தோவின் படம் திரைக்கு வருவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், மிலான் நகரில் பியாட்சா பொந்தானா என்னும் சதுக்கத்திலிருந்த வங்கியொன்றிற் குண்டு வெடித்துப் பதினேழு பேர் உயிரிழந்தனர். அராஜகவாதியான பியேத்ரோ வல்பிரேதா கைதானார். குண்டு வெடித்த அன்று அவரைத் தம் வாடகைக் காரில் ஏற்றிச் சென்றதாக ஒரு சாரதி அடையாளம் காட்டியமையே அவருக்கெதிரான முதன்மைச் சான்றாயிற்று. அவர் மூன்றாண்டுகள் சிறையிலிருந்தார். நெடுங்காலம் நீடித்த வழக்கின் முடிவில் விடுவிக்கப்பட்டார். குண்டுவெடிப்புக்குத் தீவிர வலதுசாரிக் குழுவினரே பொறுப்பு எனப் பிற்காலத்து நீதிமன்றங்கள் கண்டன. ஆர்ஜெந்தோவின் படம் இந்நிகழ்ச்சியைப் பற்றியதன்று. அது அரசியற் படமுமன்று. எனினும் குற்றவாளி எவ்வாறு இருப்பான் என்று ஒரு சமூகம் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால், சாட்சியின் கண்ணும் அதற்கு இசைந்துவிடக்கூடும் என்பதை இத்தாலியர் அதே காலத்தில் தம் தெருக்களிலும் கண்டனர். மர்மப் படங்களால் சமூகத்துக்கு என்ன பயன் என்று கேட்கும் நண்பர்களுக்கு இதற்குமேல் விடை என்னிடம் இல்லை.

ஆர்ஜெந்தோ இக்கேள்வியை அதன்பின்னும் விடவில்லை. 1975 ஆம் ஆண்டு வெளிவந்த ‘கடுஞ்சிவப்பு’ என்னும் படத்திலும், கொலை நிகழ்ந்த வீட்டில் தான் கண்ட ஏதோவொன்றை நாயகன் நினைவுகூர முடியாமல் அலைகின்றான். சுவரிலே கண்ட ஓவியமென்று அவன் எண்ணியது, கண்ணாடியில் விழுந்த கொலையாளியின் முகமே என்பது பின்னரே புலனாகின்றது. முதற் படத்திலே கண்ணாடிக்கு அப்பால் இருந்தது, இங்கே கண்ணாடிக்குள்ளேயே வந்துவிடுகின்றது.

இப்பொழுது அந்தப் பழமொழியை மீண்டும் எண்ணிப் பார்க்கின்றேன். கண்ணால் காண்பது பொய் என்று அது கூறுகின்றது. இப்படம் காட்டுவது சற்று வேறானது. கண் பொய் சொல்லவில்லை. காதும் பொய் சொல்லவில்லை. பறவையின் குரல் ஒலிப்பதிவிலே தொடக்கம் முதல் இருந்தது. கத்தியும் அவள் கையிலேயே இருந்தது. பொய், கண்டதற்கும் சொன்னதற்கும் இடையிலுள்ள சிறிய வெளியிலே பிறக்கின்றது. தீர விசாரித்தல் என்பது பிறரை விசாரிப்பது மட்டுமன்று. ‘நான் எங்கே நின்றேன், எப்பொழுது திரும்பினேன்’ என்று சாட்சி தன்னைத் தானே விசாரிப்பதுமாகும். முச்சக்கரவண்டி உண்மையில் முதியவரை மோதியதோ இல்லையோ என்பது எனக்கு இன்றும் தெரியாது. மோதியிருக்கவும் கூடும். அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது அந்தத் ‘தெரியாது’ என்ற ஒரு சொல்லே.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனபோது சந்திக்குச் சென்றேன். கடைக்குள் நான் நின்ற இடத்தில் மீண்டும் நின்று பார்த்தேன். அங்கிருந்து திரும்பிப் பார்த்தாலும், வண்டி வந்த ஒழுங்கை சுவரால் மறைந்தே இருந்தது. முச்சக்கரவண்டிகள் நிற்கும் இடத்தில் அச்சாரதி இருந்தார். தலை நரைத்திருந்தது. என்னை அவர் அடையாளம் காணவில்லை. நானே சொன்னேன்.

“அண்ணை, அண்டைக்கு நான் வடிவாக் காணேல்லை.”

அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். கோபம் வரும் என்று காத்து நின்றேன். வரவில்லை.

“எனக்கு அது அண்டைக்கே தெரியும் தம்பி” என்றார். பிறகு வண்டியை இயக்கினார். “ஏறும். எங்கை போகவேணும்?”

வீடுவரை இருவரும் எதுவும் பேசவில்லை. இறங்கிப் பணத்தை நீட்டியபோது எண்ணிப் பார்த்து, உரிய கட்டணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மிகுதியை என் கையிலே தந்துவிட்டுப் போனார்.